மூட்டை தூக்காத பொம்மை

விடிவதற்குள் சரிவுப் பலகையில் நாற்பது மூட்டை ஏறியாயிற்று. கிடங்கில் மூட்டை சுமக்கும் எல்லார் இடுப்பிலும் தொடையிலும் இயந்திரப் பட்டை. அடிக்கு அடி மோட்டார் முனகித் தொடையைத் தூக்கிவிடும். உடம்பு நோகாது என்று சொல்லித்தான் மாட்டினார்கள். மறுவாரமே மூட்டைகளைக் கூட்டினார்கள்.

சுமக்கும் பெண்களில் ஒருத்திக்கு, அவள் நடையைப் பார்த்துக் கிடங்கே வைத்த பெயர் வாத்து. அன்று அவள் கால் ஊன்றுமுன்பே பட்டை இழுத்தது. சுதாரித்துக்கொண்டாள். முன்னால் போன, அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாருக்கும் அதே இழுப்பு, மூட்டையோடு உருண்டாள். முழங்கால் பூசணியாக வீங்கியது.

முதலாளி வந்தார், பின்னாலேயே மடிக்கணினியோடு பொறியாளர். திரையில் ஒரு பொம்மை மனிதன் ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தான்.

"இவன் பத்து லட்சம் அடி நடந்துட்டான், ஒரு தடவை விழுந்தானா? இவனை நடக்கவிட்டுப் பாத்துத்தான் பட்டையைச் சரிபண்ணிருக்கு. கோளாறு உங்க கால்லதான். விழுந்தவ நாளைக்கு வரவேணாம்," என்றார் முதலாளி.

"அவன் தோள்ல மூட்டையக் காணோமே, முதலாளி?" என்றது ஒரு குரல்.

"உங்க நடையைக் கேமரால அளந்துதானே இவனைச் செஞ்சோம்?" என்றார் பொறியாளர்.

வாத்துக்குச் சுருக்கென்றது. அளந்த நாளில் அவள் தலைக்குக் குளித்து, செருப்பு இரவல் வாங்கி, வழவழத் தரையில் ராணி மாதிரி நடந்திருந்தாள். கேமரா முன்னால் எவள் வாத்தாக நடப்பாள்? சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணி வேலை போகும்.

"அன்னிக்கு நான் நடந்தது என் நடையே இல்ல," என்றாள்.

முதலாளி முகம் மலர்ந்தது. "அப்போ தப்பு உன்னோடதுன்னு ஒத்துக்கிறே!"

"என்னையும் சேத்துக்கங்க," என்றான் நொண்டி என்று பெயர் வாங்கிய சுமைகாரன். "பல்லைக் கடிச்சு நேரா நடந்தேன்."

"நான் மூச்சடக்கித் தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டேன்," என்றார் பீப்பாய். சிரிப்பு வெடித்தது. அடுத்தடுத்து எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

வாத்து நிமிர்ந்தாள். "வெறுங்கையோட நடக்கச் சொன்னது யாரு? மூட்டையோட, இந்தச் சரிவுல, எங்க நடையிலயே திரும்ப அளங்க. அண்ணி வேலையில இருப்பாங்க. அதுவரைக்கும் பட்டையும் ஏறாது, மூட்டையும் ஏறாது."

"கிடங்குக் கதவைச் சாத்திடுவேன்!" என்று கத்தினார் முதலாளி.

பதிலுக்குக் கொக்கிகள் படபடவென்று கழன்றன. பட்டைகள் பலகையடியில் குவிந்தன. நாத்தனாரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள்.

"மெதுவாடி, வாத்தே. நான் என்ன மூட்டையா?"

"மூட்டையே தேவல, அண்ணி. வாய் பேசாது."

நொண்டியும் கோணலுமாக மொத்தக் கிடங்கும் முற்றத்தைக் கடந்தது. பொறியாளர் கண்ணெடுக்காமல் அந்தக் கால்களைப் பார்த்தார். பொம்மை நடந்த திரையை மெல்ல மூடினார். நாளை கதவு திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. முதலாளியைத் தாண்டும்போது வாத்து மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே ஆடி நடந்தாள்.