அவர் கேட்ட குட்டி

குட்டியின் தலை வெளியே வரவில்லை. முழங்கை வரை சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு, கொட்டகை வைக்கோலில் மண்டியிட்டு, அவள் ஆட்டின் உள்ளே விரல்களால் துழாவினாள். முன்னங்கால்கள் அகப்பட்டன. அதற்கு மேல் தலை, எலும்பில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"இழு. பாவம் பாக்காத. ஆட்டையாவது காப்பாத்தலாம்" என்றார் பெரியவர். அவள் கணவரின் அண்ணன். ஆட்டின் கழுத்தைத் தன் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

இழுத்தாள். வந்துவிட்டது. அகன்ற நெற்றியும் தடித்த கால்களுமாகக் கொழுகொழுவென்று இருந்தது. பெரியவர் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டிப் பார்த்தார். மூச்சில்லை. காலையில் செத்துப் பிறந்ததன் பக்கத்தில் இதையும் கிடத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கணவரின் கட்டில்.

போன மழைக்காலத்தில் வெளியூர்ப் பெரிய இனக் கடா ஒன்றை அவர் லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, கன்றுக்குட்டியோ என்று நினைத்தாள். "தாத்தா காலத்துலேர்ந்து அதே ஆடு, அதே எலும்பு. ரத்தம் மாறணும். குட்டிங்க விழட்டும், அப்புறம் பேசு" என்றார். பலமுறை ஈன்ற பெரிய ஆடுகளோடு மட்டும் விடச் சொன்னார் கால்நடை டாக்டர். சிறிய ஆடுகள் தாங்காது என்றார். அவர் கேட்கவில்லை. எல்லா ஆடுகளோடும் விட்டார். அண்ணன் சண்டை போட்டு, தன் பங்கு ஆடுகளைப் பிரித்துக்கொண்டு, சரிவுக்குக் கீழே தனியாகப் பட்டி போட்டார். அப்படி என்ன அவசரம் என்று அவளுக்கு அன்று விளங்கவில்லை. இருமலில் ரத்தம் வருவதை அவர் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்த நாட்கள் அவை.

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேற்று ஆள் அனுப்பினாள். பெரியவர் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து நின்றார்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவர் கண் திறந்திருந்தது.

"ஆடு கத்துச்சே."

"ஆமாங்க. போட்டுடுச்சு."

"எப்படி இருக்கு?"

"பெரிய குட்டி. எழுந்து நின்னு பால் குடிக்குது."

அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. நாட்கணக்கில் அவள் பார்த்திராத முகம். "கொண்டா. பாக்கணும்."

"ஈரமா இருக்குங்க. கொஞ்ச நேரம் போகட்டுமே."

"நேரமா?" என்றார்.

வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். திரும்பியபோது, அந்தத் துண்டுக்குள் அவருடைய பட்டியில் காலையில் பிறந்த குட்டி ஒன்று இருந்தது. தாத்தா காலத்து அதே மலை ஆட்டின் குட்டி. இருந்ததிலேயே பெரியது.

அதைக் கணவரின் மார்பின்மேல் வைத்தாள். தைலம் தேய்த்த மார்பு. குட்டி அதில் கால் வழுக்கிப் படுத்துக்கொண்டது. அவர் கை மெல்ல எழுந்து அதன் நெற்றியைத் தடவியது, காதுக்குப் போயிற்று, முன்னங்காலைப் பிடித்து, இரண்டு விரலால் எலும்பை அளப்பதுபோல் அழுத்தி, அங்கேயே நின்றுவிட்டது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெகுநேரம் கழித்து, "அண்ணன் வந்திருக்காரா?" என்றார்.

"ம்."

"சாப்பிடச் சொல்லு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கை குட்டியின் மேலேயே இருந்தது. வெயில் சுவரை விட்டு இறங்கியபோது மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. குட்டி பசியில் அவர் விரலைச் சப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

பெரியவர் கதவருகே வந்து நின்றார். பார்த்தார். தம்பியின் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினார். அதற்குள் குட்டி மறுபடி கத்தியது.

"அதை அப்படியே விட்டா செத்துடும். மத்தவங்க வர்றதுக்குள்ள தாய்கிட்ட சேத்துட்டு வந்துரலாம்" என்றார்.

இருவரும் சரிவில் இறங்கினார்கள். மேலே கொட்டகையில் இன்னோர் ஆடு முனக ஆரம்பித்திருந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய் ஆடு ஓடி வந்தது. குட்டியை மோந்தது. தலையால் முட்டித் தள்ளிவிட்டு விலகிப் போயிற்று. மறுபடி விட்டார்கள். மறுபடியும் முட்டியது.

பெரியவர் ஆட்டின் மடியிலிருந்து கொஞ்சம் பாலைத் துண்டில் பீய்ச்சி, அவளிடம் நீட்டினார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"துடைச்சு விடும்மா. அந்த வாசனை போகணும்."

குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகைத் துடைத்தாள். கழுத்தை, காதுகளை. பிறகு நெற்றியை. குட்டியைக் கீழே விட்டாள். ஆடு வந்து மோந்தது, தயங்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"முன்னங்காலையும்" என்றார் பெரியவர்.