ஒபியேரோவுக்கு வந்தது வெறும் தடுமன்

முதல் மழை விழுந்ததும் ஊரில் எல்லார் கையும் மண்வெட்டியைத் தேடியது. அபோண்டியின் கை மட்டும் படுக்கை விரிப்பைத் தேடியது.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதைப்புக்கு முந்தின இரவு வீட்டுக்காரன் மிகாயியின் வீட்டில், அதாவது மூத்த மனைவியின் வீட்டில், படுத்தாக வேண்டும். விடிந்ததும் முதல் விதையை அவள்தான் மண்ணில் போடுவாள். அதற்குப் பிறகுதான் இளையவள் தன் காட்டில் கால் வைக்கலாம். லூவோ இனத்து வீடுகளில் எந்த வீட்டுக் கிழவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வருஷம் முழுக்க இளையவள் வீட்டுப் பக்கமே சாய்ந்து கிடக்கிற அவள் புருஷன் ஒபியேரோ கூட, மழை வந்தால் அபோண்டியின் வாசலுக்கு வந்து குனிந்துதான் நுழைவான்.

ஆகவே அவள் விரிப்பை வெளுத்தாள். விதைச் சோளத்தைப் புடைத்துக் கூடையில் நிரப்பினாள். முதுகு எரிய எரியத் தேய்த்துக் குளித்தாள். ஒபியேரோ வரவில்லை. சேதிதான் வந்தது. அவனுக்கு உடம்பு சரியில்லையாம், இளையவள் அவினோ வீட்டில் படுத்திருக்கிறானாம். நோயில் விழுந்தவன் விழுந்த வீட்டிலேயே கிடந்து தேற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமனார் காலத்திலிருந்து யாரும் அதை மீறியதில்லை.

அபோண்டி பொறுத்துப் பார்த்தாள். எதிரே இளையவள் வீட்டுக் கூரையிலிருந்து காலையும் மாலையும் புகை எழுந்தது. அந்தப் புகையைப் பார்க்கப் பார்க்க இவள் கண் எரிந்தது.

மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அகோலா வந்தாள். ஊர் வம்பெல்லாம் மீனோடு சேர்ந்து அந்தக் கூடையில்தான் போகும்.

"மிகாயி, உன் காட்டுல இன்னும் கொக்கு மேயுது. என் சோளம் முளை விட்டாச்சு, தெரியுமா?"

"அவருக்கு உடம்பு சுகமில்ல, அகோலா."

"கேள்விப்பட்டேன். ஃப்ளூ காய்ச்சலாமே. அவினோதான் சொன்னா. பாவம், கோழி அடிச்சு சாறு வச்சுக் குடுக்கறாளாம்."

"கோழியா? எந்தக் கோழி?"

"நான் என்ன, கோழிகிட்ட பேரா கேட்டேன்?" என்று சிரித்துவிட்டு அகோலா நடையைக் கட்டினாள்.

எதிர் வீட்டுப் புகையை அபோண்டி மறுபடி முகர்ந்து பார்த்தாள். போன வருஷம் இவளுக்கு உடம்பு நொந்தபோது கோழி என்ன, கோழி இறகு கூட வாசலில் விழவில்லை. ஃப்ளூவாம் ஃப்ளூ! ஃப்ளூ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவள் மூத்த மகனுக்குக் கிசுமு டவுனில் வேலை பார்க்கும்போது வந்ததே. பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். தடுமனைப் பெரிய வியாதியாக்கி ஒரு புருஷனைக் கட்டி வைத்துக்கொள்கிற கள்ளியை இன்றைக்கு ஊர் பார்க்கட்டும் என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். மிகாயி இளையவள் வீட்டு வாசலைத் தானாகப் போய் மிதிப்பது மரியாதைக் குறைவு. அன்று அவளுக்கு மரியாதை பெரிதாகப் படவில்லை.

உள்ளே ஒபியேரோ நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் களித்தட்டு. தட்டில் களி காலி. கோழிக் கால் ஒன்று எலும்பாகிக் கிடந்தது. அவினோ அடுப்போரம் பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. திமிரைப் பார், என்று நினைத்துக்கொண்டாள் அபோண்டி.

"எப்படி இருக்கு உடம்பு?"

"போயிடுவேன் போலிருக்கு மிகாயி." சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்தது. ஒன்றன் பின் ஒன்றாகக் கூரை அதிரத் தும்மினான். மூக்கைக் கம்பளி நுனியில் துடைத்தான்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"முதல்ல தொண்டைல லேசா அரிப்பு. மறுநாள் தும்மல். அதுக்கு மறுநாள் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது பாரு..."

"ஓஹோ. விருந்தாளி மாதிரி, செருப்பை வெளியில விட்டுட்டு மெதுவா உள்ள வந்திருக்கு. ஃப்ளூ அப்படி வராது. மரத்துலேருந்து தள்ளி விட்ட மாதிரி ஒரே அடியா வரும். நம்ம பையன் காலைல வேலைக்குப் போனவன், மத்தியானம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். நெத்தியைக் காட்டுங்க."

நெற்றி ஆற்றங்கரைக் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"எலும்பெல்லாம் வலிக்குது," என்றான் ஒபியேரோ அவசரமாக.

"எந்த எலும்பு?"

அவன் யோசித்தான். "எல்லாம்தான்."

"கோழி எலும்பைக் கடிச்ச பல்லு வலிக்குதா? ஃப்ளூ வந்தவனுக்குக் களியோட வாசனையே ஆகாது. நீங்க தட்டை வழிச்சு வச்சிருக்கீங்க. இது தடுமன். சுத்தமான, சாதாரணமான தடுமன். எழுந்திருங்க. இன்னிக்கு என் வீட்டுல படுக்கறீங்க. நாளைக்கு நான் விதை போடறேன்."

பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட பையன் மாதிரி ஒபியேரோ கம்பளியை மடித்தான். எழுந்தும் விட்டான்! அபோண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் ஜெயித்தவளுக்கு ஜெயித்தது மட்டும் போதுமா? தோற்றவள் முகத்தையும் பார்க்க வேண்டாமா? திரும்பிப் பார்த்தாள்.

அவினோ சண்டைக்கு வரவில்லை. உதட்டைக் கூடப் பிதுக்கவில்லை. அதுதான் அபோண்டிக்கு உறுத்தியது. வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பொறாமையில் வெந்தவள் அவள். அந்த நடை, பல்லின் இடைவெளி, சிரிக்கும்போது கழுத்தில் விழுகிற மடிப்பு, எல்லாம் மனப்பாடம். பெற்ற தாய் கூட அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டாள். அந்தக் கண் இப்போது வேறொன்றைக் கண்டது. அடுப்பு கனகனவென்று எரிகிறது, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இவள் நடுங்குகிறாள். மூக்கு ஒழுகவில்லை, தும்மலில்லை. கண் மட்டும் சிவந்து, உதடு காய்ந்து வெடித்திருக்கிறது.

"என்னடி உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா." பல் தந்தியடித்தது. "மத்தியானம் ஓடையில தண்ணி எடுக்கப் போகும்போது நல்லாத்தான் இருந்தேன். குடத்தை இறக்கி வச்சேன். யாரோ உலக்கையால முதுகுல போட்டாப்ல ஆயிடுச்சு. இடுப்பு, தொடை, கண்ணுக்குப் பின்னால எல்லாம் வலி. அவர்கிட்ட சொல்லலாம்னா, அவருக்கே உடம்பு சரியில்ல."

"அவருக்கா!" என்றாள் அபோண்டி. குனிந்து நெற்றியைத் தொட்டவள் கையை உதறினாள். தோசைக்கல் தோற்றது.

பாயோடு சரிந்தவளைத் தாங்கிப் பிடித்தபோது போர்த்தியிருந்த துணி விலகியது. அபோண்டியின் கை வயிற்றில் பட்டு, அங்கேயே நின்றது. உருண்டு, இறுகி, சந்தேகத்துக்கு இடமில்லாத வயிறு.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு," என்றாள் அவினோ, குற்றம் செய்தவள் போல. "உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா."

அந்த அஞ்சு மாசத்துக்கு முந்தின இரவுகள் எல்லாம் அபோண்டியின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. தன் வெளுத்த விரிப்பும் வந்து நின்றது. கையை இழுத்துக்கொண்டு, வாசலில் தயாராக நிற்கிற புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வானம் கறுத்திருக்கிறது, நாளை விதைக்காவிட்டால் ஈரம் போய்விடும். எல்லாம் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கண்ணுகளா. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே அது ஒரு தரம் புரண்டது. மீன் வாலால் தட்டியது போல.

"வாடகை பைக்கைக் கூப்பிடுங்க," என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "பிள்ளைத்தாச்சிக்கு ஃப்ளூ வந்தா நெஞ்சுல போய்க் கட்டிக்கும். விளையாட்டில்ல."

பைக் வந்ததும் ஒபியேரோ கம்பளியோடு ஓடி வந்தான். "நான் பின்னால உக்காந்து அவளைப் பிடிச்சுக்கறேன். ஆஸ்பத்திரியிலயும் நானே இருந்துக்கறேன்."

அவனுக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்! அவன் கை அவினோவின் இடுப்பைச் சுற்றுவது அபோண்டியின் மனக்கண்ணில் தெரிந்தது.

"மூக்கைச் சிந்திக்கிட்டு அங்க போய் என்ன செய்வீங்க? இருக்கற சீக்கு பத்தாதுன்னு உங்க தடுமனையும் குடுக்கவா? நகருங்க. நான் போறேன்."

ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் எதை விட்டுக்கொடுத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. மிகாயி வீட்டில் இல்லையென்றால் விதைப்பு இரவு ஏது? இறங்க நேரமில்லை. பைக் ஓட்டியவன் சேற்றில் வளைந்து வளைந்து போனான். சக்களத்தியின் கொதிக்கிற முதுகு அவள் மார்பில் சாய்ந்திருந்தது. இரண்டு கையையும் கோத்து அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இப்படி அணைத்துப் பிடிக்கவா இவளை இத்தனை நாள் சபித்தேன் என்று அவளுக்கே கோபமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து மலேரியா இல்லை என்றாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், வயிற்றிலும் கேட்டாள். "ஃப்ளூதான். குழந்தை நல்லாத் துடிக்குது. வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. கர்ப்பிணிகளை நாள் கடத்தித்தான் கொண்டு வருவாங்க. மருந்து குடுத்து இங்கயே வச்சுப் பாக்கறோம். நீங்க யாரு, அம்மாவா?"

"அம்மாவா!" அபோண்டி நிமிர்ந்தாள். "நல்லாப் பாரும்மா. நான் சக்களத்தி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படுக்கையில் கிடந்த அவினோவின் காய்ந்த உதடும் கொஞ்சம் கோணியது. "அக்கா, இன்னிக்கு உன் ராத்திரியாச்சே," என்றாள் மெல்ல.

"தெரியும். வாயை மூடிக்கிட்டுத் தூங்கு. கோழி எனக்கும் ஒண்ணு அடிக்கணும், அது ஞாபகம் இருக்கட்டும்."

இருட்டத் தொடங்கியபோது ஒபியேரோ போன் பண்ணினான். முதலில் தும்மல், பிறகு குரல். அவினோ எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"மிகாயி, ரெண்டு வீடும் காலியாக் கிடக்கு. நான் எங்க படுக்கறது?"

"என் வீட்டுல."

"நீ இல்லாமலா? அது கணக்குல சேருமா?"

"சேராது," என்றாள் அபோண்டி, அவினோவின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டபடி. "ஆனா அவ வீட்டுல படுத்தீங்கன்னா, அது என் கணக்குல சேரும்."