ஒன்பது படுக்கையறைப் பசுமை வீடு

ஊரில் பாதிக் கட்டடம் ஒப்பந்தக்காரர் கட்டியது. கடைசியாகத் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஒன்பது படுக்கையறை, குடியிருப்பது அவரும் மனைவியும். கூரை முழுக்கச் சோலார், குளித்த தண்ணீர் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகும், ஆள் வெளியே போனால் விளக்கு தானே அணையும். வாசலில் பசுமைக் கட்டடம், முதல் தரம் என்று பலகை மாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

மதிப்பிட வந்த பெண் நாள் முழுக்க அளந்தார். "எல்லாம் பிரமாதம் சார். எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர். ஏன்?"

"இந்த வருஷத்துலேர்ந்து, கரண்ட் எவ்வளவு மிச்சமாகுதுன்னு மட்டும் பார்த்தா பத்தாது. இவ்வளவு பெரிய வீடு தேவைதானான்னும் பார்க்கணும். ரெண்டு பேருக்கு இவ்வளவு இடம்னா முதல் தரம் கஷ்டம்."

மனைவி குலுங்கிச் சிரித்தார். "நல்லா கேட்டீங்கம்மா. இவரை சாப்பிடக் கூப்பிடணும்னாகூட போன்தான் போடறேன்."

ஒப்பந்தக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "இடிக்கவா முடியும்?"

"வேண்டாமே. ஆள் கூடினா போதும். ஆனா விருந்தாளிங்க கணக்கில்ல, நிஜமாவே குடியிருக்கணும். ஆறு மாசம் கழிச்சு வந்து பார்ப்பேன்."

ஒரு மதில்சுவர்ச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட தம்பி, மனைவி மூன்று பிள்ளைகளோடு இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தார். ஒப்பந்தக்காரர் அங்கே போய் நின்றார். "பழசெல்லாம் விடுடா. எல்லாரும் நம்ம வீட்டுக்கே வந்துடுங்க." தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். எதற்காக அழைக்கிறோம் என்று சொல்ல ஒப்பந்தக்காரருக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரமே மனைவியின் அக்காவும் அத்திம்பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மதிப்பீட்டாளர் மறுபடி வந்தபோது குளியலறை குளியலறையாகப் போய்ப் பல் தேய்க்கும் பிரஷ்களை எண்ணிப் பார்த்தார். மாடியிலிருந்து ஒரு பந்து அவர் தோளில் விழுந்தது. முதல் தரம் கிடைத்தது.

பலகை மாட்டிய கையோடு ஒப்பந்தக்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தார். "இவங்கெல்லாம் எப்போ கிளம்புவாங்க?"

"எதுக்குக் கிளம்பணும்? மூணு வருஷத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்பாங்களாம். நான் கேட்டு வெச்சுட்டேன்."

மனைவி இப்போது அவருக்குப் போன் போடுவதே இல்லை. ஓரகத்தியோடும் அக்காவோடும் பேசிச் சிரிக்கவே நேரம் சரியாக இருந்தது. அவர் தாமதமாகச் சாப்பிட வந்தால் பாத்திரத்தின் அடிதான் தெரியும். ஆள் நடமாட்டம் ஓயாததால் விளக்குகளும் அணையவில்லை. அவருடைய படிப்பறையைத் தம்பி மகள் வயலின் பழகப் பிடித்துக்கொண்டாள். அத்திம்பேர் சோபாவை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மதிப்பீட்டாளரின் அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"தோட்டத்து மூலையில சின்னதா ஒரு ரூம் கட்டிக்கலாமாம்மா? மண் சுவர்தான். பழைய மரம்தான். எனக்கு மட்டும்."

"ஒன்பது ரூம் இருக்கறப்போ பத்தாவதா? தரம் இறங்கிடும் சார்."

"அந்த வீட்டுல எனக்கு உட்கார இடமில்லம்மா."

"எங்க கணக்குப்படி இப்போதான் சார் சரியா இருக்கு."

ஒப்பந்தக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். சத்தமே இல்லை.

"உங்களுக்கு வேலை இருந்தா பாருங்கம்மா," என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். "நான் கொஞ்ச நேரம் இப்படி இருந்துட்டுப் போறேன்."