எம் வரைக்கும் என் பங்கு

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் தெரியும் என்பதுதான் கல்லூரியில் போட்டி. அணிக்கு இருவர். நானும் என் அறைத்தோழனும் அகராதியைச் சொத்து மாதிரி பாகம் பிரித்துக்கொண்டோம். ஏ முதல் எம் வரை எனக்கு, மீதி அவனுக்கு. என் பாகத்தை உருப்போட்டு முடித்தேன்.

போட்டியன்று அவன் எதிர் மேசையில், போன வருடம் ஜெயித்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“என்னடா இது?”

“தப்பா எடுத்துக்காத மச்சி. இவகூட நின்னா கப்பு நிச்சயம்.”

எதிரணிக்கான சொல்லை நாமே தரலாம் என்பது விதி. அவன் அவள் காதில் ஏதோ சொன்னான்.

“ரன்,” என்றாள் அவள். அது அவன் பங்கு.

“ஓடுவது,” என்றேன்.

“அப்புறம்?” என்றார் நடுவர்.

மற்ற அர்த்தங்களையெல்லாம் வைத்திருந்தவன், குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.