இருபத்தேழாம் அத்தியாயத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை காலை, ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலுள்ள இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில், நான்கு நோயாளிகள் ஒரு நாவலைப் பற்றித் தத்தம் அபிப்பிராயத்தைச் சொல்வதற்காகக் கூடியிருந்தனர். கூடியிருந்தனர் என்பது மரியாதைக்குச் சொல்வது. நால்வரும் அவரவர் கட்டிலில் படுத்திருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியேறித் தலைமாட்டிலிருந்த இயந்திரத்துக்குள் போய், மற்றொன்றின் வழியே உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதே வாரம் வியாழக்கிழமை, நால்வருள் ஒருத்தியின் தங்கை, தன் சிறுநீரகங்களில் ஒன்றை அக்காவுக்குத் தரச் சம்மதமா என்பதை மருத்துவக் குழுவின் முன் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அக்காவைப் பிரிவில் எல்லோரும் செய்தியக்கா என்றே அழைத்தார்கள். வானொலியில் செய்தி வாசித்தே நரை கண்டவள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் படிப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமல்ல. ஆகவே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. குரல் இருக்கிறவளை விட்டுவிட்டு வேறு யாரை வாசிக்கச் சொல்வது? ஒரு நாவல் முடிந்ததும் அடுத்த முறை அபிப்பிராய நாள். சன்னலோரக் கட்டிலில் தொடங்கி வரிசையாகப் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. இந்த விதியைப் போட்டவர் தலைமைச் செவிலி. ஒருமுறை அரசியல் பேசப்போய் இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம் தலைக்கேறி, இயந்திரங்கள் ஒருசேரக் கூவிய பிறகு, பேச்சென்றால் நாவல், நாவலென்றால் வரிசை என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த முறை எடுத்துக்கொண்டது முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடற்கரைக் கோட்டையின் கதை. கோட்டைத் தளபதி ஓர் இரத்தக் காட்டேரி. போர்க்களத்தில் கடிபட்டு, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் நிற்பவன். மனிதரைக் கொல்வதில்லை என்று சபதம் செய்தவன். அரண்மனை வைத்தியரின் மகள் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். எதிரிகள் கோட்டையை வளைத்துக்கொள்ள, பட்டினியால் தளபதி துவண்டுபோகிறான். அவன் விழுந்தால் கோட்டை விழும். அப்போது அந்தப் பெண் தானாகவே முன்வந்து, இரவுதோறும் தன் மணிக்கட்டை அவனிடம் நீட்டுகிறாள்.

"நம்ம கதையேதான். என்ன, நம்ம காட்டேரி கரண்டுல ஓடுது," என்று முதல் நாளே இயந்திரத்தைத் தட்டிச் சிரித்தார் நால்வரில் ஒருவரான லாரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். செய்தியக்காவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தங்கையும் சிரித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பிற்பகல் வேலை. காலை வேளைகளில் அக்காவுக்குத் துணையாக வந்து உட்காருவாள். ஒரு மகள் இருந்தாள். இன்னொரு பிள்ளை வேண்டுமென்று கணவனும் மனைவியும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சன்னலோரத்து அழகுநிலையக்காரி தொடங்கினாள்.

"எனக்குத் தளபதிய ரொம்பப் பிடிச்சது. முன்னூறு வயசாகியும் தலையில ஒரு முடி கொட்டல. எங்க வீட்டுக்காரருக்கு முப்பதுலயே நெத்தி உச்சி வரைக்கும் போயிடுச்சு. ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் ரோஷம் வேணும். கேட்கிறதுக்கு முன்னாடியே கைய நீட்டினா எவன் மதிப்பான்?"

"ரத்தம் குடுக்கிறதுல என்னம்மா ரோஷம்?" என்றார் லாரிக்காரர்.

"அண்ணே, வரிசை! உங்க முறை வரும்போது பேசுங்க."

அடுத்தவர் கணக்கு வாத்தியார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரித்திர நாவல்னு போட்டிருக்கான். சரித்திரம் எங்க இருக்கு? மாசக் கணக்கா முற்றுகை. உள்ளே மனுஷனுக்குக் கஞ்சி இல்ல. குதிரை மட்டும் கொழுகொழுன்னு நிக்குது. அத விடுங்க. ஒரு பொண்ணு உடம்புல எவ்வளவு ரத்தம் இருக்கும்? தினம் ராத்திரி குடுத்துக்கிட்டே இருந்தா என்ன மிஞ்சும்? அவ கடைசியில கன்னம் சிவக்கக் கப்பலேறிப் போறாளாம். கணக்கு இடிக்குது."

"எங்க சார் கப்பலேறினா? அதான் செத்துட்டாளே," என்றார் லாரிக்காரர்.

வரிசையை மீறியதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை.

"யாரு செத்தா?" என்றாள் அழகுநிலையக்காரி.

"வைத்தியர் மவ. இருபத்தேழாம் அத்தியாயம். நான் வெள்ளிக்கிழமை ஒரு சாவுக்குப் போயிட்டு, சனிக்கிழமை வந்து மெஷின்ல படுத்தேன்ல? பொழுது போகாம, மேசை டிராயர்லேர்ந்து புத்தகத்த எடுத்துத் தரச் சொல்லி நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நகம் வெளுத்து, படி ஏற முடியாம, மதில்மேல உக்காந்தபடியே போயிடுறா. பாவி மனுஷன், அவ செத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சே இன்னிக்கு ஒரு நாள் மட்டும், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு குடிச்சிருக்கான். எனக்குப் பொறுக்கல. என்ன எல்லாரும் முழிக்கிறீங்க? செய்தியக்கா படிக்கலயா?"

செய்தியக்காவின் முகம் செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் செய்தது மிக எளிய காரியம். செய்தி வாசிப்பவர்களுக்குக் கடிகாரமே எசமானன். நேரம் நெருங்கினால் கண் வாய்க்கு முன்னால் ஓடி எதை விடலாம் என்று பார்த்துக்கொள்ளும். வாய் அதை விட்டுவிட்டு அடுத்த வரியை இழுத்துக்கொள்ளும். வெட்டி ஒட்டிய தையல் கேட்பவருக்குத் தெரியாது. அந்தக் கைத்திறனில்தான் ஓர் அத்தியாயம் முழுவதையும் தாண்டினாள். கடைசி அத்தியாயத்தில் தளபதி தனியே கப்பலேறுகிற இடத்தில், அவனும் அவளும் கைகோத்து ஏறினார்கள் என்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் சாவைத் தங்கையின் காதில் விழவிடக் கூடாது என்பதைத் தவிர, அந்த நேரத்தில் செய்தியக்காவுக்கு வேறு நினைப்பு இல்லை.

"தொண்டை கட்டியிருந்தது. கொஞ்சம் சுருக்கினேன்," என்றாள் இப்போது.

தங்கை எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் பிரித்துப் படித்தாள். அவசரப்படவில்லை. கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்தார். தம் கணக்கு சரியாகப் போனதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சியும் இருந்ததாகத் தெரியவில்லை. லாரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழகுநிலையக்காரி கண்ணாலேயே அவரை அடக்கினாள். படித்து முடித்ததும் தங்கை எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

"சுருக்கல, அக்கா. முழுசா முழுங்கிட்ட."

"கதைதானேடி."

"கதைதான். நான் என்ன குழந்தையா, கதையைக் கேட்டுப் பயந்து ஓடுறதுக்கு?"

"ஓடிடுவேன்னு நான் நினைக்கல."

"நினைச்ச. நினைச்சதாலதான் தாண்டின." தங்கையின் குரல் உயரவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பவர் கேட்கிற குரலில்தான் பேசினாள். "சரி, அத விடு. டாக்டர் கூப்பிட்டு ரிசல்ட் சொன்ன அன்னிக்கு நான் கடையில இருந்தேன். நீதான் போன. நீதான் வந்து சொன்ன. எல்லாம் பொருந்துது, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்ன. அதுல எந்த அத்தியாயத்தைத் தாண்டின?"

செய்தியக்கா கையை மடக்கிவிட்டாள்; இயந்திரம் கூவத் தொடங்கியது. தலைமைச் செவிலி திரையை விலக்கிக்கொண்டு வந்து, கையை நீட்டி வைத்து, குழாயைச் சரிசெய்து, இரண்டு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

அந்த இடைவெளியில் ஒரு பொய்யைத் தேடிக்கொள்ள அவளுக்கு நேரமிருந்தது. நாட்டில் நடந்த எத்தனையோ விபத்துகளையும் சாவுகளையும் குரல் நடுங்காமல் சொன்ன தொண்டை அது. இன்னுமொரு பொய் அதற்குப் பெரிதல்ல. ஆனால் தங்கை அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானொலியில் கேட்பவர் முகம் தெரியாது.

"உனக்கு பிரஷர் கொஞ்சம் கூட இருக்காம்," என்றாள். "இப்போதைக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒரு கிட்னியோட இருக்கிறவங்களுக்குப் பின்னாடி அது தொல்லை குடுக்கலாமாம். இன்னொரு குழந்தை பெத்துக்கிறதா இருந்தா, அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணுமாம். முன்கூட்டியே தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, நல்லா யோசிச்சுக்கிட்டு வரட்டும்னு சொன்னாரு."

"சொல்லுங்கன்னு சொன்னாரு."

"ஆமா."

"நீ சொல்லல."

"குழு முன்னாடி போறப்ப அவங்களே சொல்லுவாங்கன்னு..."

"அதுக்குள்ள நான் மனசத் தேத்திக்கிட்டு வந்துடுவேன், அங்க வந்து பின்வாங்க வெட்கப்படுவேன். அதானே?"

அதுதான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

தங்கை குழாயில் ஓடுகிற இரத்தத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் என்ன சொல்லிக்கிட்டிருந்த? 'என் தங்கச்சி உடம்புல கத்தி பட விடமாட்டேன். அவதான் பிடிவாதம் பிடிக்கிறா'ன்னு சொன்ன. என் வீட்டுக்காரர் கூட, உங்க அக்கா மாதிரி மனுஷி உண்டான்னு கேட்டாரு."

"மரியாதைக்குச் சொன்னேன்."

"அப்ப உனக்கு வேணுமா?"

இத்தனை மாதங்களில் யாரும் அவளிடம் அப்படி நேரடியாகக் கேட்டதில்லை. தண்ணீரை அளந்து குடித்து, ஒரு துண்டுப் பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நாக்கை ஏமாற்றி, இரவில் ஆடுசதை இழுத்துக்கொள்ளக் கட்டிலைப் பிடித்தபடி நின்று, போதும் என்று தோன்றுகிற ஒவ்வொரு முறையும் அவள் மனத்தில் எழுந்தது ஒன்றே.

"வேணும்," என்றாள். "எனக்குச் சாகப் பயமா இருக்குடி."

"அத மட்டும் சொல்லியிருந்தாப் போதும், அக்கா."

"இப்பச் சொல்லிட்டேன்ல?"

"மாட்டிக்கிட்டுச் சொல்ற." தங்கையின் கண் கலங்கியிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. "அந்தத் தளபதி மேலகூட எனக்குக் கோவம் வரல. அவன் குடிக்கிறது அவளுக்குத் தெரியும். அவ கண்ணைத் திறந்துக்கிட்டுக் கைய நீட்டினா. நீ என் கண்ணைப் பொத்திட்டு நீட்டச் சொல்லிட்ட."

கடைக்கு நேரமாகிறது என்று சொல்லித் தங்கை எழுந்தாள். உண்மையில் நேரம் ஆகவில்லை. திரையை விலக்கி, புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வெளியே போனாள். லாரிக்காரர் மெல்ல அழைத்தார்.

"செய்தியக்கா, நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

"நீங்க படிச்சதச் சொன்னீங்க, அண்ணே. அபிப்பிராயம் சொல்ற நாள்தானே?"

"எனக்கு எப்படித் தெரியும், நீங்க..."

"தெரியாதுதான்."

அதற்குமேல் அந்த அறையில் நாவலைப் பற்றி யாரும் பேசவில்லை. நால்வருக்கும் நேரம் முடிய முடிய, செவிலியர் ஊசிகளை உருவி, துளைகளின் மேல் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, எடை பார்த்து அனுப்பினார்கள். வழக்கமாகச் செய்தியக்காவின் பஞ்சைத் தங்கைதான் அழுத்திப் பிடிப்பாள். அன்று அவளே பிடித்துக்கொண்டாள். இரத்தம் நிற்க நேரமாயிற்று.

வியாழக்கிழமை தங்கை மருத்துவக் குழுவின் முன் தனியாகப் போய் உட்கார்ந்தாள். கணவனையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் ஒரு நடைமுறை உண்டு. தர முன்வந்தவர் தர மறுத்தாலும் சரி, மருத்துவக் காரணத்தால் தள்ளப்பட்டாலும் சரி, நோயாளியிடம் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள். குடும்பத்துக்குள் பகை முளைக்கக் கூடாது என்பதற்காக. பிரிவில் பழகிய எல்லாரையும் போலச் செய்தியக்காவுக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, ஊசி குத்துவதற்கு முன், தலைமைச் செவிலி கட்டிலோரத்தில் உட்கார்ந்து அந்த வாசகத்தைச் சொன்னார்: "உங்க தங்கச்சி பொருத்தமான கொடையாளி இல்லன்னு குழு முடிவு பண்ணியிருக்காங்க."

"சரி," என்றாள் செய்தியக்கா. காரணம் இரத்த அழுத்தமா, தங்கையின் மனமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பது மட்டுமன்று காரணம். இரண்டில் எது பதிலாக வந்தாலும் அதைத் தாங்குகிற நெஞ்சு தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முடிவானவை இவை. தங்கையின் சிறுநீரகம் எடுக்கப்படாது. இறந்தவர்களிடமிருந்து உறுப்புப் பெறுவதற்கான காத்திருப்போர் வரிசையில் செய்தியக்காவின் பெயர் சேர்க்கப்பட்டது. முறை வர ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம் என்று எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் சுத்திகரிப்பு தொடரும். தங்கை காலையில் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவாள். முடிந்ததும் தங்கையின் கணவன் வந்து அழைத்துப்போவான். அடுத்த நாவலை அழகுநிலையக்காரி வாசிப்பாள்.