கடைசி வாசலுக்கு ஒரு வரி

சூசைதாசன் அண்ணையின் கொம்பியூட்டரில் என்ன பிழை என்பது முதல் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துச் சொன்னால் கெட்டிக்காரன் என்பீர்கள். அன்றைக்கு ஒளித்த கெட்டித்தனமே எனக்குப் போதும்.

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ரியூட்டரியின் பின்னறையில் இரண்டு கொம்பியூட்டர்களை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. இந்த விஷயத்தில் குடாநாட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற எண்ணம் எனக்கு. விஷயம் தெரிந்தவர்களே பத்துப் பேர்தான் என்பதால் அது அப்படியொன்றும் பெரிய எண்ணமில்லை. சிசிலியா என் மாணவி, குருநகரிலிருந்து வருவாள். வகுப்பில் வாயே திறக்காதவள், ஒருநாள் எல்லோரும் போனபின் மேசையருகே வந்து நின்றாள்.

"மாஸ்ரர், எங்கடை வீட்டை ஒருக்கா வர ஏலுமோ? அண்ணையின்ரை கொம்பியூட்டரிலை ஒரு விளையாட்டு ஓடுதில்லை."

விளையாட்டுத் திருத்த நான் என்ன சின்னப்பிள்ளையா என்று முகத்தைச் சுளித்திருப்பேன் போலும். அவள் அவசரமாகச் சொன்னாள்:

"அண்ணை இந்த வருசம் தாண்டமாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவருக்கும் தெரியும். அவர் கேக்கிறது இது ஒண்டுதான்."

சூசைதாசன் கப்பலில் வேலை செய்தவர். சரக்கறைக்குள் விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வற்று ஊர் வந்தவர். பிறகு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. சிங்கப்பூரில் வாங்கிய கொம்பியூட்டரும், கப்பலில் அவர் விளையாடிய ஒரு பழைய விளையாட்டின் இரண்டு பிளொப்பித் தட்டுகளும் அவரோடு வந்திருந்தன. ஆறு வீரர்களை உண்டாக்கி, பெயர் வைத்து, நிலவறை நிலவறையாக நடத்திப் போய்க் கடைசியில் ஒரு கோட்டை வாசலைத் திறக்கவேண்டும். கப்பலில் இரண்டு வருடமாக விளையாடி வாசலுக்குக் கிட்டப் போய்விட்டார். வீட்டு இயந்திரத்தில்தான் தகராறு.

ஞாயிறு பூசை முடிந்த நேரமாகப் பார்த்துச் சைக்கிளில் போனேன். தாய் லூர்த்தம்மா வாசலிலேயே, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். கடையிலிருந்து சோடா வாங்கி, மூடி திறக்காத போத்தலை அப்படியே என் முன்னால் வைத்தார். என்னைப் போன்ற புத்தூர்ச் சைவக்காரர், மீன்பிடிக்கிற தங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

சூசைதாசன் அண்ணையால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்து இருக்கமுடியாது. அவர் கட்டிலில் சரிந்து கிடந்து "இடக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம்" என்று சொல்ல, சிசிலியாதான் விசையை அழுத்துவாள்.

"அங்கை பூதம் நிக்குது. கொண்டுபோய் இடிக்கச் சொல்லுறியளோ?" என்பாள்.

"மாலுமி ஆர், நீயோ நானோ?"

"கப்பலாலை விழுந்தவர்தானே நீங்கள்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

பிழைகள் மூன்று. விளையாட்டு மெதுவான இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. இதில் காற்றாய்ப் பறந்தது, விசையைத் தொடுமுன்பே வீரர்கள் அடிவாங்கிச் செத்தார்கள். இரண்டாவது பிளொப்பியை இரண்டாவது துளையில் போடு என்று அது கேட்டது. இதில் ஒரு துளைதான். எல்லாம் தாண்டி ஒருவாறு வாசலுக்குப் போனால், வாசலைத் தொட்டதும் திரை அப்படியே உறைந்துவிடும்.

மூன்றாவதுதான் மிக இலேசானது. ஒரே நேரத்தில் இத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்று இயந்திரத்துக்கு ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். எழுதாவிட்டால் அது எட்டோடு நின்றுவிடும். வாசலுக்குள் நுழையும்போது விளையாட்டு எட்டுக்கு மேல் கேட்டது. கப்பல் இயந்திரத்தில் அந்த வரியை யாரோ எழுதியிருக்கிறார்கள். இதில் யாரும் எழுதவில்லை. ஒரு நிமிட வேலை.

நான் எழுதவில்லை. கலியாணமாகாத பெண் இருக்கிற மீனவர் வீட்டுக்குப் புத்தூர்ப் பெடியன் ஒருவன் சும்மா போய்க் குந்தியிருக்கமுடியாது. பிழை திருத்தப் போகலாம். பிழை இருக்கும்வரை போகலாம். அன்று வேகத்தை மட்டும் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு துளையையே இரண்டென்று நம்பவைத்தேன். அதன்பிறகு ஐந்து ஞாயிறு வாசலைச் சும்மா முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிளொப்பியிலை பிழையோ தெரியாது, பாப்பம்" என்று பொய் சொல்லத் தொடங்கினால் அது எவ்வளவு சுகமாக வருகிறது.

இடைநாட்களில் அவர் தானே முயன்றுகொண்டிருந்தார். ஐந்து வீரரோடு போய்ப் பார்த்தது, விளக்கை அணைத்துவிட்டுப் போனது, பின்பக்கமாக நடத்திப் போனது என்று எல்லாவற்றையும் கப்பல் குறிப்பேடு போலத் திகதி, நேரம் போட்டு ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். இருபத்துமூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முதுகுப் புண்ணோடு நிமிர்ந்து இருந்திருக்கிறார். கொப்பியை என்னிடம் நீட்டி, "தம்பி, உங்களுக்கு உதவியா இருக்குமெண்டு எழுதினனான்" என்றார். வாசித்தேன். மனுசனாக இருந்தால் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும்.

"உந்த வாசலுக்குள்ளை என்ன கிடக்கெண்டு பாத்தால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

ஜூன் பத்தாம் திகதி ஞாயிறு, இன்று எழுதியே விடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். இயந்திரத்தின் முன் இருந்து விசைப்பலகையில் கையும் வைத்துவிட்டேன். பின்னால் நின்ற சிசிலியா, "வாற ஞாயிறும் வருவியள்தானே, மாஸ்ரர்?" என்று கேட்டாள். முதல் தடவையாக அவளாகக் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். "ஓம், வாறன். அடுத்த முறை முடிச்சிடலாம்" என்றேன்.

மறுநாள் புலிகளுக்கும் ஆமிக்கும் சண்டை தொடங்கிவிட்டது. சில நாட்களில் கரண்டும் நின்றது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி அடிபாடு, குருநகரில் ஷெல்லும் குண்டும். அந்த வீட்டார் சூசைதாசன் அண்ணையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கொம்பியூட்டர் வீட்டிலேயே கிடந்து போனது.

ஓகஸ்ட் மாதம் சைக்கிளில் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நாலு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகம் வீங்கிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"தம்பி, அந்தப் பிழை என்னெண்டு பிடிபட்டுதோ?"

சொல்லத்தான் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். சிசிலியா தலைமாட்டில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். "இன்னும் இல்லை அண்ணை" என்றேன்.

உயர்த்திய கையை இறக்கினார். "அப்ப விளையாட்டைச் செய்தவன்தான் பிழை விட்டிருக்கிறான். உள்ளுக்கு ஒண்டும் வைக்காமல் வாசலை மட்டும் கட்டிப்போட்டான் போலை. நான் வீணா உங்களை அலைய வைச்சிட்டன், குறை நினையாதேங்கோ" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், கண்டீர்களா? அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து பள்ளிக்கூடக் கிணற்றடியில் சிசிலியாவைத் தனியாகக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி, அந்த ஒரு நிமிடம், அவளைப் பார்க்கவென்று இழுத்தடித்த ஞாயிறுகள், ஒன்றும் விடவில்லை. அவள் அழவில்லை.

"முதல் நாளே தெரியுமோ?"

"ஓம்."

"நீங்கள் சும்மா வந்திருக்கலாம், மாஸ்ரர். ஞாயிறெண்டால் அண்ணை விடியவே எழும்பி, முகம் வழிச்சுப்போட்டு உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பார். வாறதுக்கு உங்களிட்டைப் பிழையை ஆர் கேட்டது?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"கரண்ட் இல்லாட்டில் பரவாயில்லை. அண்டைக்கு இஞ்சை வந்தநேரம் அவருக்குச் சொல்லியிருக்கலாம். உள்ளுக்கு ஏதோ இருக்குது எண்டு தெரிஞ்சுகொண்டாவது போயிருப்பார். வெறும் வாசல் எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ போனவர்."

வாளியை எடுத்துக்கொண்டு தாயிடம் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.