தந்தியண்ணன் புது போர்டு போட்ட காலை

காலை எட்டு மணிக்கு யாராவது ஷட்டரைத் தட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என்னுடையது மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஒன்பது மணிக்குத்தான் திறப்பேன் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் மீறித் தட்டுகிறவனுடைய மோட்டார் எரிந்தால் எரியட்டும். எட்டு முதல் ஒன்பது வரை நான் வெளியூர் ஆட்களோடு பேசுகிற ஹாம் ரேடியோவில் இருப்பேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் செட், மொட்டை மாடியில் ஏரியல். அந்த நேரத்தில் வீடே இடிந்து விழுந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வதில் பொய்யில்லை.

நாங்கள் நாலு பேர், நாலு ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என்னைக் காயில் என்பார்கள். மருந்துக்கடை வைத்திருப்பவன் மாத்திரை. என் வயசுதான், அதனால் வாடா போடா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிற டீச்சருக்கு மட்டும் பட்டப்பெயர் வைக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் மூத்தவர் தந்தியண்ணன். தந்தி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

தினமும் அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். மாத்திரையின் இடுப்பு வலி. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவனுக்கு அந்த வலி மட்டும் அடங்குவதில்லை. என்னுடைய அசிடிட்டி. யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எந்த சாமான் எங்கே கிடைக்கிறது. தந்தியண்ணனுக்கு சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறார் என்பது வரை எங்களுக்கு அத்துப்படி. அவருடைய மனைவியின் பெயர் மட்டும் தெரியாது. அண்ணி, அவ்வளவுதான்.

தந்தியண்ணன் எதையும் கடையில் வாங்க மாட்டார், எல்லாவற்றையும் தானே செய்வார். நாங்கள் மைக்கில் இருக்கிற பட்டனை அழுத்திப் பேசுவோம். அவர் அதற்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்றைச் செய்து மேஜைக்குக் கீழே வைத்திருந்தார். பேசிக்கொண்டே கையால் வேலை பார்க்கலாம் அல்லவா. பெடலை மிதித்தால் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும். காலை எடுத்தால்தான் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். மிதித்திருக்கும் வரை அறைக் கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பு எரியும். பல்பு எரிந்தால் வீட்டில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அண்ணி இதில் ஒரு நாளும் தவறியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு வாய்த்தவளும் இருக்கிறாளே என்று நான் பெருமூச்சு விடுவேன்.

அன்றைக்கு எட்டு மணிக்கு முதல் குரல் அவருடையதுதான்.

"யாருப்பா இருக்கீங்க? புது போர்டு போட்டாச்சு. எப்படி இருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க."

மைக்குக்காக அவரே ஒரு சர்க்யூட் போர்டு செய்துகொண்டிருந்தார். சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி அனுப்புகிற சமாச்சாரம். அவர் குரல் கணீரென்று வந்தது. பின்னால் ஃபேன் சுற்றுவதும், ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்துவதும்கூடக் கேட்டன.

"அண்ணே, உங்களை விட உங்க வீட்டுக் காக்கா நல்லா பேசுது," என்றான் மாத்திரை.

"அதுக்குத்தான்டா போட்டேன். இனிமே இந்த ரூம்ல எறும்பு நடந்தாலும் உனக்குக் கேக்கும்."

"எத்தனை நாளைக்குண்ணே?" என்று நான் புகுந்தேன். "நீங்க சால்டர் வச்சு ஒட்டுற லட்சணம்தான் எனக்குத் தெரியுமே."

"பொறாமைல வேகாதடா காயில்."

அப்புறம் டீச்சர் தன் கதையை ஆரம்பித்தார். அவர் பால்கனியில் கட்டிய ஏரியல் கம்பியில் பக்கத்து வீட்டம்மா ஈரப் போர்வையைக் காயப் போட்டுவிட்டாராம். கேட்டால், சும்மாதானே கிடக்கிறது என்றாராம். நாங்கள் சிரித்து முடித்ததும் தந்தியண்ணன் முறை வந்தது.

"டீச்ச... அந்த கம்ழிய... கொஞ்ச மேழ தூக்கி..."

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. எனக்கு உள்ளூர ஒரே குஷி. கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை பார் என்று நினைத்தேன். கடிகாரத்தைக்கூடப் பார்த்தேன். எட்டேகால்.

"போச்சா அண்ணே? நான் சொன்னேனா இல்லையா?"

"சார், குரல் மழுங்கலா வருது. மைக் வயரைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க," என்றார் டீச்சர்.

"வால்யூமைக் குறைச்சுப் பாருங்கண்ணே," என்றான் மாத்திரை.

அவர் எல்லாம் செய்தார். ஏதோ உருண்டது, ஏதோ விழுந்தது. குரல் மட்டும் சரியாகவில்லை. வயரை மாற்றுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கையில... நிக்க மாட்டேழ்குது," என்றார்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பண்ணுங்க. வயசாச்சுல்ல," என்றேன். மாத்திரை சிரித்தான். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். வேறு எந்தச் சத்தம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்படியே ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். அதை அவிழ்க்கச் சொன்னோம், இதைப் பிடுங்கச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் அவர் காலை எடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி மிதித்து ஏதோ குழறினார். கடைசியில் மேஜை மேல் எதையோ வைத்ததுபோல் டொக்கென்று ஒரு சத்தம். அதோடு பேச்சு நின்றது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பெடல்ல இருந்து காலை எடுக்க மறந்துட்டாரு," என்றான் மாத்திரை. "போர்டைக் கழட்டறார் போல."

"கழட்டட்டும். கழட்டிக் குப்பைல போடட்டும்," என்றேன். எழுந்து போய் டீ எடுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. காக்கை கத்தியது. இழுத்து இழுத்து ஒரு மூச்சுச் சத்தம், குறட்டை மாதிரி. தூங்கிவிட்டாரா மனிதர் என்று நினைத்தபோது காக்கை மறுபடி கத்தியது. என் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து கத்துவதுபோல் அவ்வளவு தெளிவு.

டீயைக் கீழே வைத்தேன். போர்டில் கோளாறு என்றால் காக்கையின் குரலும் குழற வேண்டும். ஃபேன் சத்தமும் கெட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் கெடவில்லை. அவருடைய பேச்சு ஒன்றுதான் கெட்டது.

போன் அடித்தது. மாத்திரை.

"டேய், அந்த மூச்சைக் கேளு. அது குறட்டை இல்லடா. எங்க மாமனாருக்கு வாய் கோணினப்ப இப்படித்தான் இருந்துச்சு." அவன் படபடவென்று பேசினான். "கடைக்கு வர்ற கிழவனுக்கெல்லாம் சொல்றேன்டா, பேச்சு குழறினா உடனே ஓடுங்கன்னு. நான் வால்யூமைக் குறைக்கச் சொல்லியிருக்கேன்."

"வைடா போனை. நான் அவருக்கு அடிக்கறேன்."

தந்தியண்ணன் நம்பரை அடித்தேன். என் காதில் மணி அடித்தது. அடுத்த நொடி ரேடியோவிலும் அடித்தது. அவர் மேஜை மேல், அவர் மூச்சுக்குப் பக்கத்தில், என்னுடைய போன் மணிதான் அடிக்கிறது. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தேன். திரும்ப ரேடியோவில் கேட்டது. எடுங்கண்ணே, எடுங்கண்ணே என்று கெஞ்சினேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது.

"ஏங்க, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க."

கதவுக்கு வெளியிலிருந்து அண்ணியின் குரல். அதுவரை நான் கேட்டதே இல்லை. சிவப்பு பல்பைப் பார்த்திருப்பாள். பிறகு, "ஓ, பேசிட்டிருக்கீங்களா," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் வந்த வழியே, இந்தத் தடவை மெதுவாக, போய்விட்டது.

"அண்ணி, கதவைத் திறங்க. அண்ணி."

பைத்தியக்காரன் மாதிரி ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன். அவர் பெடலில் கால் இருக்கும் வரை நான் கத்துவது அந்த வீட்டில் ஒரு ஈக்கும் கேட்காது. அந்தக் கால் தானாக நகரவும் நகராது. என் சத்தத்தைக் கேட்டு என் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா நம்பருக்கு அடிங்க."

"இல்ல."

"புள்ளைங்க நம்பர்?"

"இல்ல."

"வீடாவது எங்கன்னு தெரியுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"இத்தனை வருஷமா தினமும் என்னத்தைத்தான் பேசினீங்க?" என்றாள். அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும்தான்.

டீச்சரைப் போனில் பிடித்தேன், நல்லவேளையாக அவரிடம் விலாசம் இருந்தது. தந்தியண்ணனுக்கு எப்போதோ கூரியரில் ஏதோ சாமான் அனுப்பியிருக்கிறார். பழைய மெசேஜில் இருந்து விலாசத்தைத் தோண்டியெடுத்து, அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பரைக் கண்டுபிடித்து, நீங்கள் ஏன் இன்னொரு ஊரிலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, வண்டி கிளம்பிவிட்டது என்று எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். டீச்சர் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அவர் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். அண்ணி திரும்பி வரவில்லை. எங்கோ குக்கர் விசில் அடித்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. பத்தடி தூரத்தில் அவள் பாத்திரம் கழுவுகிறாள், அவளுடைய புருஷன் அறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார், அதை இன்னொரு ஊரில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் மூச்சு விடும்போதெல்லாம் நானும் விட்டேன். நடு நடுவே அது நிற்கும். என் மனைவி என் தோளை இறுக்கிப் பிடிப்பாள். மறுபடி வரும். இந்தப் பாழாய்ப்போன போர்டு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ரேடியோவை நிறுத்திவிடவும் மனசு வரவில்லை. நிறுத்தினால் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது.

கடைசியில் அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்தது. ஆண் குரல்கள் ஏதோ கேட்டன. அண்ணியின் பதில் தூரத்தில் இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே. அவர் உள்ள ஃப்ரெண்ட்ஸோட பேசிட்டிருக்காரு."

அவர்கள் மறுபடி ஏதோ சொன்னார்கள். செருப்புச் சத்தம் ஓடி வந்தது. கதவு திறந்தது. என்னங்க என்று அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நாற்காலி நகர்ந்தது. காலை எடுத்திருப்பார்கள், எல்லாச் சத்தமும் பட்டென்று அறுந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. நான் என் மைக்கைக் கையில் எடுத்தேன். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். என் மனைவி போய் இன்றைக்குக் கடை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தந்தியண்ணன் என்று அவர் பெயரே வந்தது. ஒரு நொடி, அவர்தான் கூப்பிடுகிறார் என்றே நம்பிவிட்டேன்.

"தம்பி, நீங்கதான் காயிலா?"

"ஆமாங்க அண்ணி."

"உங்க பேர்லதான் இத்தனை மிஸ்டு கால் இருக்கு. ஆஸ்பத்திரில இருக்கோம். மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சுக்கிச்சாம். ஒரு ஊசி இருக்காம். ஆனா எப்ப ஆரம்பிச்சுதுன்னு சரியா தெரிஞ்சாத்தான் போடுவாங்களாம். நேரம் தாண்டிட்டா ஊசியே ஆபத்தாம். எனக்கு எதுவுமே தெரியல. நீங்கல்லாம் பேசிட்டிருந்தீங்கல்ல, எப்பலேர்ந்து அவருக்குப் பேச்சு குழறிச்சு?"

ஒரு பொய் சொன்னால் அண்ணி ராத்திரி தூங்குவாள். நீங்கள் கதவருகே வந்துவிட்டுப் போனதற்கு அப்புறம்தான் என்று சொன்னால் போதும். எங்கள் மானமும் தப்பும். ஆனால் அந்தப் பக்கம் டாக்டர் ஊசியை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எட்டேகால் அண்ணி."

"எட்டேகாலா?" என்றாள். "நல்லா தெரியுமா தம்பி?"

"நல்லா தெரியும். அப்பதான் மணி பார்த்தேன்."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"போன் அடிக்குதுன்னு நான் வந்தேனே. அது அதுக்கப்புறம்ல?"

"ஆமாங்க அண்ணி."

"நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமா."

"பேசிட்டிருக்காரேன்னு சத்தம் போடாம போயிட்டேன் தம்பி."

"தெரியும் அண்ணி. கேட்டுச்சு."

அவள் அழவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, "எட்டேகால் சார்," என்று தெளிவாகச் சொன்னாள். டாக்டரின் குரல் அவசரமாகக் கேட்டது. எட்டேகாலுக்கேவா, அப்போது பக்கத்தில் யாரும் இல்லையா என்றார்.

"இருந்தோம் சார்," என்றாள் அண்ணி. "எல்லாரும் இருந்தோம்."